பார்ன்ஸ் ஓவியக்கூடம் தொடங்கிய இடம் ஒரு மருந்துத் தொழிற்சாலை

கமலா – பாயான் லெப்பாஸ், சனிக்கிழமை காலை 10.12

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் எங்கள் வாசகர் வட்டத்தில் என்னை அரை மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவில் பிலடெல்பியாவில் இருக்கும் பார்ன்ஸ் ஓவியக்கூடம் எப்படித் தொடங்கியது என்று பேசப் போகிறேன். அதற்கு முன்னால் இங்கே எழுதிப் பார்க்கிறேன், தப்பு இருந்தால் திருத்துங்கள், ஒத்துக்கொள்ள முடியாத இடம் இருந்தால் நேராகச் சொல்லுங்கள்.

இந்த இடத்தைப் பற்றி யார் எழுதினாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள். 181 ரெனுவார், 69 செசான், 59 மத்தீஸ், இந்தப் பிரெஞ்சு ஓவியர்களின் இத்தனை படங்களையும் வாங்கி வைத்துக்கொண்டு கதவைப் பூட்டிய முன்கோபக்காரப் பணக்காரர். அது பொய் இல்லை. ஆனால் அந்தக் கட்டடம் எழும்புவதற்குப் பல வருடம் முன்னாலேயே, அதே மனிதருடைய தொழிற்சாலையில், மருந்தைப் பாட்டிலில் அடைத்துக்கொண்டிருந்த இடத்தில், படங்கள் மாட்டியிருந்தன. அங்கே கூலிக்கு வேலை செய்தவர்கள்தான் அவற்றை உட்கார்ந்து பார்த்த முதல் ஆட்கள். நான் பேச நினைப்பது அவர்களைப் பற்றி.

ஆல்பர்ட் பார்ன்ஸ் 1872-இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். அப்பா இறைச்சிக் கடைக்காரர், அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்துவிட்டார், பிற்பாடு தபால்காரராக வேலை பார்த்தார். வீட்டில் வசதி கிடையாது. அம்மா மெதடிஸ்ட் பக்தை. கறுப்பின மக்கள் திறந்தவெளியில் கூடிப் பாடி ஜெபிக்கும் கூட்டங்களுக்குச் சின்ன வயதிலேயே மகனை அழைத்துக்கொண்டு போயிருக்கிறார், அங்கே கேட்ட பாட்டை அவர் கடைசிவரைக்கும் மறக்கவில்லை. பையன் நன்றாகப் படித்து 1892-இல், இருபது வயதில், மருத்துவப் பட்டம் வாங்கினார். ஆனால் நோயாளி பார்க்கப் போகவில்லை, ஜெர்மனிக்குப் போய் வேதியியல் படித்தார்.

அங்கிருந்து வந்த ஹெர்மன் ஹில்லே என்ற வேதியியலாளரோடு சேர்ந்து அவர் கொண்டுவந்த மருந்துதான் ஆர்ஜிரால். வெள்ளியும் புரதமும் சேர்ந்த கிருமிநாசினி. அந்தக் காலத்தில் தாய்க்குக் கொனோரியா இருந்தால் பிரசவத்தின்போது குழந்தையின் கண்ணில் தொற்றிப் பார்வையே போகக்கூடும். தடுப்பதற்கு வெள்ளி நைட்ரேட் சொட்டு விடுவார்கள், அது பச்சைக் குழந்தையின் கண்ணை எரிக்கும். ஆர்ஜிராலில் அந்த எரிச்சல் குறைவு. 1902-இல் இரண்டு பேரும் கம்பெனி தொடங்கினார்கள். மருந்துக்குக் காப்புரிமை எடுக்கவில்லை, எடுத்தால் செய்முறையை ஊருக்கே சொல்ல வேண்டும் அல்லவா, அதனால் பெயரை மட்டும் பதிந்துகொண்டு செய்முறையை ரகசியமாக வைத்துக்கொண்டார்கள். சில வருடத்தில் கூட்டாளிகளுக்குள் ஒத்துப்போகவில்லை, ஹில்லேயின் பங்கையும் பார்ன்ஸே வாங்கிவிட்டார். நாற்பது வயதுக்குள் பெரும் பணக்காரர்.

இவ்வளவு பணம் கொட்டிய தொழிற்சாலை எத்தனை பெரியது என்று நினைக்கிறீர்கள்? ஏறக்குறைய இருபது பேர்தான். கறுப்பின ஆண்கள், வெள்ளைக்காரப் பெண்கள், ஒரே கூரையின் கீழ். அந்தக் காலத்து அமெரிக்காவில் அதுவே அபூர்வம். ஆறு மணி நேரத்தில் அன்றைய வேலை முடிந்துவிடும். எட்டு மணி நேர வேலை நாளில் மிச்சம் இருந்த இரண்டு மணி நேரத்தை அவர் படிப்புக்கு ஒதுக்கினார். வில்லியம் ஜேம்ஸின் உளவியல், பிறகு ஜான் டூயி, பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், சாந்தயானா என்ற தத்துவ அறிஞர்களின் நூல்கள். சேர்ந்து வாசிப்பார்கள், விவாதிப்பார்கள். மேரி முல்லன் என்ற பெண், அலுவலக ஊழியர், வகுப்பை நடத்தினார். அப்புறம் வீட்டில் இருந்த படங்களைக் கொண்டுவந்து தொழிற்சாலைச் சுவரில் மாட்டி, அவற்றைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்கள்.

நான் இங்கே ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 27 வருடம் வேலை செய்தேன். எங்கள் லைன் சுவரில் நான் பார்த்தது அன்றைய டார்கெட் எண்ணும் நேற்றைய ரிஜெக்ட் எண்ணும்தான். அதனால் இந்தப் பகுதியை முதல் முறை படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மணி – செந்தூல், சனிக்கிழமை பிற்பகல் 12.40

அக்கா, நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எனக்கு உறுத்துவதைச் சொல்லிவிடுகிறேன். தொழிற்சங்கத்தில் பல வருடம் இருந்தவன் நான். முதலாளி கொடுத்தார் என்று ஒரு கதை வந்தால் எனக்கு முதலில் தோன்றுவது, மாட்டேன் என்று சொல்ல அந்தத் தொழிலாளிக்கு வழி இருந்ததா என்பதுதான். அந்த இரண்டு மணி நேரம் வீட்டுக்குப் போகிறேன், பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று ஒருத்தி சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நம்ம ரப்பர் தோட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். துரைதான் தமிழ்ப்பள்ளி கட்டிக் கொடுத்தார் என்று இன்றைக்கும் பெருமையாகப் பேசுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். 1923-இல் தொழிலாளர் சட்டம் வந்தது, பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி வைத்தே ஆக வேண்டும் என்று, அதனால்தான் பல தோட்டங்களில் பள்ளி வந்தது. அதுவும் எப்படிப்பட்ட பள்ளி? என் அப்பா படித்தது ஆயக்கொட்டகைக்கு, அதாவது கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கூரை, ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பும் ஒன்றாக உட்காரும். காலையில் பால்மரம் வெட்டப் போன பிள்ளைகள் பதினொரு மணிக்கு மேல்தான் வகுப்புக்கு வருவார்கள். சட்டமே அவ்வளவுதான் கொடுத்தது என்றால், சட்டமில்லாமல் ஒரு முதலாளி கொடுத்ததை நான் எப்படி நம்புவது?

இன்னொன்று. ஹில்லேதான் மருந்தைச் செய்தவர், பார்ன்ஸ் அதை விற்றவர். செய்தவர் பெயர் இன்று யாருக்குத் தெரியும்?

வாத்தியார் – பட்டர்வொர்த், சனிக்கிழமை பிற்பகல் 3.05

மணி தம்பி கேட்டது நியாயமான கேள்வி. கமலாம்மா பதில் சொல்லட்டும். அதற்குள் விட்டுப்போன ஒரு கண்ணியை நான் சேர்த்துவிடுகிறேன், வீட்டுக்கு அந்தப் படங்கள் எப்படி வந்தன என்பது.

பார்ன்ஸோடு உயர்நிலைப் பள்ளியில் படித்தவர் வில்லியம் கிளாக்கன்ஸ், பிற்பாடு பெயர்பெற்ற ஓவியர். பணம் வந்ததும் பார்ன்ஸ் மற்றப் பணக்காரர்களைப்போல அன்றைக்கு எல்லாரும் வாங்கிய படங்களை வாங்கிக்கொண்டிருந்தார். பழைய சினேகிதர்தான், உன் காசுக்கு இதைவிட நல்ல படங்கள் பாரிஸில் கிடைக்கும் என்று சொன்னார். சரி, நீயே போய் வாங்கி வா என்று 1912 பிப்ரவரியில் 20,000 டாலர் கொடுத்து அனுப்பினார் பார்ன்ஸ். கிளாக்கன்ஸ் 33 படங்களோடு திரும்பினார். செசான், ரெனுவார், பிக்காசோ, வான்கோ. இந்த மாதிரி ஓவியங்களை அமெரிக்கா பரவலாகப் பார்த்துத் திடுக்கிட்டது 1913-இல் நியூயார்க்கில் நடந்த ஆர்மரி கண்காட்சியில்தான், அதற்கு ஒரு வருடம் முன்னால் இவர் வீட்டுக்கு வந்துவிட்டன.

அந்த 33-இல் வான்கோ வரைந்த தபால்காரர் படம் ஒன்று. நீலச் சீருடை, தொப்பியில் தபால் என்று பிரெஞ்சில் எழுத்து, முகத்தை விடப் பெரிய தாடி, பின்னால் பச்சையில் பூக்கள். கமலாம்மா எழுதியதைப் படித்தபோதுதான் பார்ன்ஸின் அப்பாவும் தபால்காரர் என்பது என் மனதில் இதோடு ஒட்டியது. அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தது கிளாக்கன்ஸ், பார்ன்ஸ் இல்லை. ஆனாலும் பெட்டியைப் பிரித்து அதை முதலில் பார்த்த மகனுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். என் அப்பாவும் சைக்கிளில் தபால் கொடுத்தவர், அதனால் இருக்கலாம்.

அதே 1912-இல் பார்ன்ஸே பாரிஸ் போனார். லியோ ஸ்டைன், கெர்ட்ரூட் ஸ்டைன் என்ற அண்ணன் தங்கையின் வீட்டில் மத்தீஸ் ஓவியங்களைப் பார்த்தார், டிசம்பரில் முதல் இரண்டு மத்தீஸ் வாங்கினார். அதற்கப்புறம் யாரையும் நம்பி அனுப்பவில்லை, தானே கற்றுக்கொண்டார். 1917-இல் நாற்பத்தைந்து வயதில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜான் டூயியின் வகுப்பில் மாணவராகப் போய் உட்கார்ந்தார். ஒரு கம்பெனி முதலாளி பிலடெல்பியாவிலிருந்து நியூயார்க்குக்கு ரயில் ஏறிப் போய்ப் பாடம் கேட்டிருக்கிறார். ஆசிரியனாக 34 வருடம் வேலை செய்த எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். பின்னாளில் டூயி கலையைப் பற்றி எழுதிய பெரிய நூலைப் பார்ன்ஸுக்குத்தான் சமர்ப்பித்தார்.

ராஜன் – ஜெலுத்தோங், சனிக்கிழமை மாலை 6.30

கமலாக்கா, எனக்கு ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது, கார் வொர்க்ஷாப் வைத்திருக்கிறேன், இந்தப் பக்கம் தமிழ் படிக்கத்தான் வருவேன். ஆனால் ஆறு மணி நேரம் வேலை, இரண்டு மணி நேரம் படிப்பு என்பதை ரெண்டு தடவை படித்தேன். ஒரு கேள்வி. தொழிலாளிகளுக்கே இவ்வளவு செய்த ஆள் பிறகு ஏன் கதவைப் பூட்டினார்? அது எனக்குப் பொருந்தவே மாட்டேங்குது.

கமலா – பாயான் லெப்பாஸ், சனிக்கிழமை இரவு 9.48

வாத்தியார் ஐயா, தபால்காரர் விஷயத்துக்கு நன்றி. என் கண்ணில் படவே இல்லை. பேச்சில் சேர்த்துக்கொள்கிறேன், உங்கள் பெயரைச் சொல்லித்தான்.

மணி, நீங்கள் கேட்டதை நான் தள்ளிவிடப் போவதில்லை. அவர் முதலாளிதான். யார் என்ன படிக்க வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்தார், கடைசிவரைக்கும் அந்தக் குணம் போகவில்லை. பெர்ட்ரண்ட் ரஸ்ஸலையே 1941-இல் சம்பளத்துக்கு அமர்த்தி, சீக்கிரமே ஒத்துவராமல் நீக்கிவிட்டார், ரஸ்ஸல் வழக்குப் போட்டு ஜெயித்தார். ஹில்லே விஷயமும் நீங்கள் சொன்னதுதான், என் பேச்சில் அவர் பெயரைச் சத்தமாகவே சொல்வேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தொழிற்சாலையில் கணக்கு எழுதிய நெல்லி முல்லன், வகுப்பு நடத்திய மேரியின் தங்கை. 1951-இல் பார்ன்ஸ் இறந்தார், பிற்காலத்தில் அந்த ஓவியக்கூடத்தின் தலைவர் பொறுப்பு யார் கைக்குப் போனது? அந்த நெல்லி கைக்கு. உலகத்தில் பெரிய பெரிய அருங்காட்சியகம் நடத்துகிறவர்கள் பார்க்க ஏங்கிய சுவர்களுக்கு, மருந்துக் கம்பெனியில் கணக்கு எழுதிய பெண் பொறுப்பு. நான் லைன் லீடர் ஆவதற்கே பதினோரு வருடம் ஆனது, அதனால் இதைச் சாதாரணமாகத் தாண்டிப் போக முடியவில்லை.

ராஜன் தம்பி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1922 டிசம்பரில் பார்ன்ஸ் தன் அறக்கட்டளையைப் பதிவு செய்தபோது அதை அருங்காட்சியகம் என்று பதியவில்லை. கல்வி நிறுவனம் என்று பதிந்தார். இதுதான் சாவி. அந்தத் தொழிற்சாலை வகுப்பைத்தான் அவர் பெரிதாக்கினார். மெரியன் என்ற புறநகர்ப் பகுதியில், மரங்களைச் சேகரித்து வளர்த்த ஒருவரிடமிருந்து 12 ஏக்கர் தோப்பு வாங்கினார். மரங்களை அப்படியே காப்பாற்றுவதாக ஒத்துக்கொண்டுதான் வாங்கினார், பிற்பாடு அவர் மனைவி லாரா அந்தத் தோப்பையே ஒரு தாவரவியல் பள்ளி ஆக்கினார். கட்டட வரைபடம் பால் க்ரே. பிரான்ஸிலிருந்து சுண்ணாம்புக் கல் கொண்டுவந்து கட்டினார்கள்.

அந்தச் சமயத்தில் பாரிஸில் பால் கியோம் என்ற வியாபாரியின் கடையில் ஒரு சமையல்காரப் பையனின் படத்தைப் பார்த்தார், வரைந்தவர் சூட்டின். யாரும் கண்டுகொள்ளாத ஏழை யூத ஓவியர், பசியோடு இருந்தவர். பார்ன்ஸ் ஒரே மூச்சில் ஐம்பதுக்கும் மேல் வாங்கினார். சூட்டினின் வாழ்க்கையே திரும்பிவிட்டது.

1923 ஏப்ரலில் இந்தப் புதுப் படங்களில் 75-ஐ எடுத்து, பிலடெல்பியாவின் பேர்பெற்ற கலைக் கழகத்தில் கண்காட்சி வைத்தார். தன் சொந்த ஊர். தான் கண்டெடுத்ததை ஊருக்குக் காட்டும் ஆசை. பத்திரிகைகள் கிழித்துப்போட்டன. அழுக்கு, கோணல், மனநோய் என்கிற ரீதியில் எழுதினார்கள். சூட்டினுக்குத்தான் அடி அதிகம். அந்தக் காயம் பார்ன்ஸுக்கு ஆறவே இல்லை. 1925 மார்ச்சில் கட்டடம் திறந்தபோது டூயி வந்து பேசினார், வகுப்புகள் ஆரம்பித்தன, ஆனால் கதவு மாணவர்களுக்கும் அவர் அனுமதித்தவர்களுக்கும் மட்டும்தான். விமர்சகர், பேராசிரியர், பெரிய வீட்டுக்காரர் யார் எழுதிக் கேட்டாலும் பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில், அதுவும் சூடான பதில். ஜேம்ஸ் மிச்சனர் என்ற எழுத்தாளர் மாணவராக இருந்தபோது எழுதிக் கேட்டு இடம் கிடைக்காமல், இரும்பாலைத் தொழிலாளி போலக் கடிதம் எழுதி உள்ளே போனதைத் தானே சொல்லியிருக்கிறார். யாருக்குப் பூட்டினார், யாருக்குத் திறந்தார் என்று பார்த்தால் எனக்கு அந்தப் பூட்டு வேறு மாதிரித் தெரிகிறது.

மணி – செந்தூல், ஞாயிற்றுக்கிழமை காலை 8.20

பசியாறிக்கொண்டே படித்தேன். அக்கா, நெல்லி முல்லன் விஷயம் எனக்குத் தெரியாது, அதை ஒத்துக்கொள்கிறேன், அது பெரிய விஷயம்தான். ஆனால் மிச்சனர் கதை உங்கள் பக்கம் பேசவில்லை, என் பக்கம்தான் பேசுகிறது. தொழிலாளி மாதிரி கடிதம் எழுதத் தெரிந்த மாணவன் உள்ளே போனான். கடிதமே எழுதத் தெரியாத உண்மையான தொழிலாளி? ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சும்மா நுழைந்து பார்க்கிறேன் என்று நினைப்பவன்? அவனுக்கு வழியே இல்லை. வரி விலக்கு வாங்கிக்கொண்டு பொதுமக்களை உள்ளே விடாதது எப்படி நியாயம் என்று பென்சில்வேனியா அரசு வழக்குப் போட்டு, அதன்பிறகு 1961-இல்தான் வாரத்துக்கு இரண்டு நாள், அதுவும் எண்ணி 200 பேர் என்று திறந்தார்கள். அவர் செத்துப் பத்து வருடம் கழித்து.

இங்கே கோலாலம்பூரில் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது, அல்புகாரி அறக்கட்டளை ஆரம்பித்தது, 1998-இல் திறந்தார்கள். ஒரு செல்வந்தரின் அறக்கட்டளைதான் அதுவும். டிக்கெட் வாங்கினால் யாரும் போகலாம். என் மகளை அங்கே இந்தியப் பகுதியில் விட்டால் நகைகளைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் நிற்பாள். அவளிடம் யாரும் நீ பாடம் படித்தாயா என்று கேட்பதில்லை. சேகரித்தவன் இறந்த பிறகும் அவன் சொல்தான் சட்டம், ஒரு படத்தைக் கடன் கொடுக்கக் கூடாது, விற்கக் கூடாது, மாட்டிய இடத்திலிருந்து நகர்த்தக் கூடாது என்று எழுதிவைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

நிலா – பிரிக்பீல்ட்ஸ், ஞாயிற்றுக்கிழமை காலை 11.15

நான் அங்கே போயிருக்கிறேன்! மேல்படிப்புக்கு அமெரிக்கா போனபோது. மெரியனில் இருந்த பழைய கட்டடம் இல்லை, 2012-இல் நகரத்துக்குள் புதிதாகக் கட்டித் திறந்த கட்டடம். அதற்கு நீதிமன்றத்தில் பல வருடம் சண்டை நடந்தது, நகர்த்தக் கூடாது என்று அவர் எழுதிவைத்ததால். கடைசியில் நகர்த்தினார்கள், ஆனால் அறைகளின் அளவு, எந்தச் சுவரில் எந்தப் படம் என்பதெல்லாம் பழைய வீட்டில் இருந்தபடியே வைத்துவிட்டார்கள்.

உள்ளே போனதும் எனக்குத் தலை சுற்றியது. மற்ற இடங்களில் வெள்ளைச் சுவரில் ஒரு படம், பக்கத்தில் ஒரு விளக்க அட்டை இருக்கும் இல்லையா. இங்கே மஞ்சள் சாக்குத் துணி மாதிரி ஒன்று ஒட்டிய சுவரில் கீழிருந்து மேல்வரை படம். நடுவில் பெரியது, இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாகச் சின்னது. அவற்றுக்கு நடுவே பழைய இரும்புச் சாமான்கள்: கதவுக் கீல், சாவித்துளைத் தகடு, கரண்டி, பூட்டு. கீழே பெட்டிகளும் நாற்காலிகளும். விளக்க அட்டையே கிடையாது, சட்டத்தில் ஓவியர் பெயர் மட்டும். ஒரு ரெனுவார் பெண்ணின் முதுகு வளைவும் பக்கத்தில் தொங்கும் கீலின் வளைவும் ஒன்றுபோல இருப்பதை நான் கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆனது, அதற்கப்புறம் அந்த அறையை விட்டு வர மனமே இல்லை.

கமலாக்கா எழுதியதைப் படித்த பிறகுதான் ஏன் அப்படி என்று புரிகிறது. அது காட்சிக்கு வைத்தது இல்லை, கரும்பலகை. ஒளி, கோடு, நிறம், வெளி, இந்த நான்கையும் எப்படிப் பார்ப்பது என்று மாணவர்களுக்குக் காட்ட ஒவ்வொரு சுவரையும் அவரே அடுக்கி, கலைத்து, திரும்ப அடுக்கியிருக்கிறார். யார் வரைந்தது, எந்த நூற்றாண்டு என்பதெல்லாம் அப்புறம். இரும்புக் கீலைச் செய்த கொல்லனும் செசானும் ஒரே சுவரில். மணி அண்ணே, சும்மா ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்கும் அது திறந்திருக்க வேண்டும் என்பதில் நான் உங்கள் பக்கம்தான். அதை நகர்த்தியிராவிட்டால் நான் பார்த்திருக்கவே மாட்டேன். ஆனால் அவர் நகர்த்தாதே என்று ஏன் சொன்னார் என்பதும் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றால் தெரியும்.

மத்தீஸ் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1930-இல் அவர் மெரியனுக்கு வந்தபோது, பெரிய கூடத்தின் ஜன்னல்களுக்கு மேலே இருந்த மூன்று வளைவுகளுக்கும் சுவரோவியம் வரைந்து தரச் சொன்னார் பார்ன்ஸ். மத்தீஸ் பிரான்ஸில் ஒரு பழைய கார் கொட்டகையை வாடகைக்கு எடுத்து வேலை செய்தார். ரொம்ப நாள் உழைத்த பிறகுதான் வளைவுகளின் அளவு தப்பு என்று தெரிந்தது. முதலிலிருந்து திரும்ப வரைந்தார். 1933-இல் கொண்டுவந்து மாட்டினார்கள், ஆடுகிற உருவங்கள் வளைவுக்குள் முட்டிக்கொண்டு ஆடும். கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்தேன்.

வாத்தியார் – பட்டர்வொர்த், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 2.50

நிலா மகளே, கரும்பலகை என்று சொன்னாயே, அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

கறுப்பின மக்கள் பற்றிய பகுதியையும் கமலாம்மா விட்டுவிடக் கூடாது. பால் கியோமிடம் சூட்டின் மட்டும் வாங்கவில்லை, ஆப்பிரிக்கச் சிற்பங்களையும் நிறைய வாங்கினார். அன்றைக்கு அவற்றை இனவியல் அருங்காட்சியகத்தில் ஈட்டி, கேடயத்தோடு வைப்பார்கள். இவர் கலை என்று வைத்தார். மெரியன் கட்டடத்தின் வாசலிலேயே ஆப்பிரிக்க வடிவங்கள் ஓடு பதித்து நிற்கின்றன, அந்த வட்டாரமோ வெள்ளைக்காரப் பணக்காரர்கள் குடியிருந்த வட்டாரம். ஆரன் டக்ளஸ், குவென்டலின் பென்னட் என்ற இரண்டு கறுப்பினக் கலைஞர்களுக்கு 1920-களின் கடைசியில் அங்கே படிக்க உதவித்தொகை கொடுத்தார். இறப்பதற்கு முந்தின வருடம், 1950-இல், இனிமேல் காலியாகும் அறங்காவலர் இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆள் நியமிக்கும் உரிமை லிங்கன் பல்கலைக்கழகத்துக்கு என்று மாற்றி எழுதினார். அது கறுப்பின மாணவர்களுக்கென்று தொடங்கிய பல்கலைக்கழகம்.

தொழிற்சாலையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படித்த கறுப்பின ஆண்களையும் வெள்ளைக்காரப் பெண்களையும் நினைத்துக்கொண்டு இதைப் படித்தால், சின்ன வயதில் கேட்ட அந்த ஜெபக் கூட்டப் பாட்டு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரியும்.

பணத்தில் அவருக்கு நேரம் பார்க்கவும் தெரிந்திருக்கிறது. 1929 ஜூலையில் கம்பெனியை 60 லட்சம் டாலருக்கு விற்றார், அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது. மற்றவர்கள் விற்ற காலத்தில் கையில் ரொக்கம் வைத்து வாங்கியவர் அவர்.

மணி – செந்தூல், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 4.10

ஐயா, அந்தக் கடைசி வரியைத்தான் நான் சொல்கிறேன். கம்பெனியை விற்றபோது அந்த இருபது பேரின் தொழிற்சாலையும் அவர் கையை விட்டுப் போனது. மெரியனுக்குப் படிக்கப் போனவர்கள் எல்லாம் பாட்டில் அடைத்தவர்களா? கமலாக்கா பேச்சில் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் ஆரம்பித்தது என்பது எவ்வளவு உண்மையோ, தொழிற்சாலையை விட்டு வெளியே போனது என்பதும் அவ்வளவு உண்மை. இதைச் சொன்னால் உங்கள் பேச்சு பலமாகும், குறையாது.

கமலா – பாயான் லெப்பாஸ், ஞாயிற்றுக்கிழமை இரவு 8.35

சொல்கிறேன் மணி. நேற்று ராத்திரி எழுதி வைத்ததில் முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்களோடு இன்னும் ஒத்துவர முடியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். டிக்கெட் வாங்கினால் யாரும் போகலாம் என்றீர்கள். எனக்கு 41 வயதில், ஒரு பொது விடுமுறை நாளில், முதல் முறையாக ஃபார்குவார் தெருவில் இருந்த நம்ம பினாங்கு அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கே கேப்டன் ராபர்ட் ஸ்மித் வரைந்த எண்ணெய் ஓவியங்கள் உண்டு, இருநூறு வருடத்துக்கு முந்தின பினாங்கு, மலையும் கடலும். கதவு திறந்துதான் இருந்தது, யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஒரு படத்துக்கு முன்னால் போய் நின்றால் கண்ணை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற சீனப் பெண்மணி ஒருவர் தன் பேத்திக்கு மலாயில் சொல்லிக்கொண்டிருந்தார், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது பார், நிழல் எங்கே விழுகிறது பார் என்று. நானும் அவர்கள் பின்னாலேயே மெதுவாக நடந்து போய்க் காது கொடுத்துக் கேட்டேன். மூன்றாவது படத்தில் அவர் சொல்வதற்கு முன்னாலேயே நிழல் எனக்குத் தெரிந்தது. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது கொம்தார் கட்டடத்தின் நிழல் எந்தக் கூரையில் விழுகிறது என்று பார்த்துக்கொண்டே போனேன்.

கதவு திறந்திருப்பது ஒன்று, பார்க்கச் சொல்லித் தருவது இன்னொன்று. இரண்டாவதை அவர் தன் வேலைக்காரர்களுக்குச் செய்தார், அதுவும் சம்பளம் ஓடும் நேரத்தில். சம்பள நேரம் என்பதை நீங்கள் சங்கத்துக்காரராக யோசித்துப் பாருங்கள். எங்கள் லைனில் கழிவறைக்குப் போனால்கூட நிமிடம் எண்ணுவார்கள்.

மணி – செந்தூல், ஞாயிற்றுக்கிழமை இரவு 9.20

சம்பள நேரம் என்பதை யோசித்தேன் அக்கா. பத்து நிமிட ஓய்வு நேரத்துக்கு நாங்கள் மூன்று மாதம் பேச்சுவார்த்தை நடத்திய காலம் உண்டு. அந்த இரண்டு மணி நேரத்தை நான் இனிமேல் லேசாகப் பேச மாட்டேன். மற்றதில் மாற்றமில்லை. பேச்சு என்றைக்கு, எத்தனை மணிக்கு? பினாங்குக்கு ரயில் பார்க்கிறேன், பட்டர்வொர்த்தில் இறங்கினால் வாத்தியார் ஐயா ஃபெரிவரைக்கும் கூட வருவார் என்று நம்புகிறேன்.

வாத்தியார் – பட்டர்வொர்த், ஞாயிற்றுக்கிழமை இரவு 9.41

ஃபெரி என்ன தம்பி, அக்கரைவரைக்கும் வருகிறேன். நானும் கேட்கத்தான் போகிறேன்.

ராஜன் – ஜெலுத்தோங், புதன்கிழமை மாலை 7.02

தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். ஐயா சொன்ன அந்தத் தபால்காரர் படத்தைத் தேடி எடுத்து, பக்கத்துக் கடையில் பெரிதாகக் கலர் பிரிண்ட் போட்டு, வொர்க்ஷாப்பில் ஸ்பேனர் மாட்டும் பலகைக்குப் பக்கத்தில் திங்கட்கிழமை ஒட்டினேன். பையன்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. நேற்று யாரும் கண்டுகொள்ளவில்லை. இன்றைக்கு மத்தியானம் மழைக்கு வேலை நின்றபோது ரெண்டு பேர் அதற்கு முன்னால் நின்று தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். பின்னால் இருக்கிற பூ சுவரில் ஒட்டிய காகிதமா, இல்லை தோட்டத்தில் உட்கார்ந்திருக்கிறாரா என்று. ஒருத்தன் தாடி ஏன் பச்சையாக இருக்கிறது என்று கேட்டான், இன்னொருத்தன் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு பச்சை மட்டுமில்லைடா, மஞ்சளும் இருக்கிறது என்றான். மழை விட்டும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள், நான் கூப்பிடவில்லை.